ஒரு புள்ளி பச்சை

எங்கள் தெருவும் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பெயின்ட் தின்னர் ஆலையும் ஒன்றுதான் என்று போன மாசியில் கம்ப்யூட்டர் முடிவு சொன்னது. முடிவில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முடிவுக்கு வந்த முறையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

புகார் கொடுத்தவர்கள் நாங்கள். ஆலையிலிருந்து வருகிற நாற்றத்தில் என் மகள் மகிழினிக்கு இரண்டு வருடமாக வீசிங். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். அவள் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டு பெற்றவர்கள் எத்தனை நாள் சும்மா இருப்பது? நாற்றம் நிற்க வேண்டும், பிள்ளை மூச்சு விட வேண்டும். வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை.

வாசனை ஒப்பீட்டு அலுவலகத்திலிருந்து எஸ்தர் ஜெயசீலி என்கிற அதிகாரி வந்தார். தெருக் காற்றை ஓர் எஃகுக் குடுவையிலும் ஆலைக் காற்றை இன்னொரு குடுவையிலும் பிடித்துக்கொண்டு போனார். அவர்களிடம் ஓர் இயந்திரம் இருக்கிறது. காற்றில் கலந்திருக்கிற ஒவ்வொரு சரக்கையும் அது இரண்டு முறை பிரிக்கும். முதலில் நிமிடக் கணக்கில், அப்புறம் விநாடிக் கணக்கில். நிமிடம் குறுக்கே, விநாடி நெடுக்கே. ஒவ்வொரு சரக்கும் ஒரு நீல மைதானத்தில் தன் இடம் பார்த்துப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு மென்பொருள் ஒரு படத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கும். தெருவுக்கு மட்டும் உள்ளது பச்சை, ஆலைக்கு மட்டும் உள்ளது சிவப்பு, இரண்டுக்கும் பொதுவானது வெள்ளை. நான் லேமினேஷன் கடை வைத்திருப்பவன். படத்தின் மேல் படம் வைப்பது எனக்குப் புதிதில்லை.

படம் முழுக்க வெள்ளையாக வந்தது.

"அப்ப நாத்தம் அவங்களோடதுதான்னு ஆயிடுச்சில்ல மேடம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு எடமா இருந்தாத்தான் சார் அங்கேருந்து இங்க வந்துச்சுன்னு எழுத முடியும்," என்றார் எஸ்தர். "இது ஒரே எடம். தன் மேலயே யாராச்சும் புகார் குடுப்பாங்களா?"

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் தெருவே அவரவர் வாசலில் நின்று வேலைக்கு வந்ததாகக் கைரேகை வைத்தது. எங்கள் வீடு பேக்கிங் பிரிவு. என் மனைவி பூங்கொடிக்கு பி ஷிப்ட். மத்தியானம் சற்றுக் கண்ணயர வேண்டுமென்றால் அரை நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தாள். வேலைக்கு நாங்கள் என்றைக்கும் சுணங்கியதில்லை. ஆனால் ஆள் கூடியதால் உற்பத்தி கூடியது, உற்பத்தி கூடியதால் நாற்றம் கூடியது. மகிழினி ஒரு நாளைக்கு நான்கு தடவை இன்ஹேலரை இழுக்க ஆரம்பித்தாள். நான் மேல்முறையீடு செய்தேன்.

அதற்கான விதி எளிது. ஆலையிடம் இல்லாத ஒரே ஒரு புள்ளியாவது தெருவிடம் இருக்க வேண்டும். எதிர் வீட்டு ரவூப் பாய் கருவாட்டு வியாபாரி. "ஒரு புள்ளி என்னாங்க ஞானவேல், ஒரு மலையே போட்டுத் தாரேன்," என்று வாசலில் அடுப்பைப் போட்டு மூன்று கிலோ நெத்திலியை வறுத்தார். தெருவே கண்ணைக் கசக்கியது. எஸ்தர் வந்து மறுபடியும் குடுவையில் காற்றைப் பிடித்துக்கொண்டு போனார்.

முடிவைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனோம். பிள்ளையைத் தனியாக விட மனமில்லாமல் மகிழினியையும் கூட்டிப் போயிருந்தேன். திரையில் கருவாடு வந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் பச்சைப் பசேலென்று ஒரு மலை. ரவூப் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"இருங்க, இன்னும் அலைன் பண்ணல," என்றார் எஸ்தர். இயந்திரம் ஒரு நாள் சுறுசுறுப்பாக இருக்குமாம், ஒரு நாள் மந்தமாக இருக்குமாம். அதனால் புள்ளிகள் கொஞ்சம் முன்னே பின்னே நிற்குமாம். இழுத்து நேராக்கின பிறகுதான் ஒப்பிட வேண்டுமாம். சரி, இருக்கட்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவர் மவுஸைத் தட்டினார். எங்கள் கருவாட்டு மலை பதினெட்டாவது நிமிடத்தை விட்டுக் கிளம்பி, இருபத்தாறாவது நிமிடத்தில் இருந்த ஆலையின் தின்னர் மேல் போய் உட்கார்ந்து வெளுத்துப்போனது. எட்டு நிமிடம்! இதற்குப் பெயர் நேராக்குவதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு மென்பொருள் செய்து வைத்திருக்கிறார்கள்.

"என்னம்மா இது, நம்ம நெத்திலிய இப்படித் தரதரன்னு இழுத்துட்டுப் போறீங்க?" என்றார் ரவூப் பாய்.

"நான் இழுக்கல பாய். சாஃப்ட்வேர் இழுக்குது."

எல்லாம் வெளுத்த பிறகும் இடது ஓரத்தில் கடுகளவு பச்சை மிச்சம் நின்றது. எஸ்தர் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். அசையவில்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். அது எங்கள் பிள்ளையின் மூச்சு. மகிழினி.

"அளவு ஆயிரத்துக்குக் கீழ இருந்தா பிசிறுன்னு தள்ளிடும் சார்," என்றார் எஸ்தர்.

"பெத்த புள்ளையப் பிசிறும்பீங்களா?" என்று மேசையில் ஓங்கி அடித்தேன். அடித்ததற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

மகிழினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பிசிறு இல்ல மிஸ்," என்றாள்.

எஸ்தர் எண்ணிப் பார்த்தார். ஆயிரத்து நான்கு. காற்றைப் பிடித்த அன்று நெத்திலிப் புகையில் பிள்ளைக்கு இழுப்பு அதிகம்; அதனால்தான் அந்த நான்கு. நன்றாக இருந்திருந்தால் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருக்காது என்று எஸ்தரே சொன்னார். மூச்சுத் திணறினால்தான் ஒரு பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பார்கள் என்றால், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பத்தே நாளில் உத்தரவு வந்தது. வெற்றி எங்களுக்குத்தான். ஆலையோடு பொருந்தாத பகுதி மட்டுமே தெரு. ஆகவே தெரு என்பது செல்வி ஞா. மகிழினி. தெருவின் மூச்சுக்குக் கேடு வராதபடி ஆலை அதிலிருந்து எப்போதும் ஐந்நூறு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஆலையின் பேக்கிங் பிரிவு சார்பில் நானும் பூங்கொடியும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம்.

ஏரிக்கு அக்கரையில் ரவூப் பாயின் தங்கை மும்தாஜ் வீடு. எங்கள் பின்வாசலிலிருந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். மகிழினி இப்போது அங்கேதான் இருக்கிறாள். மூன்று வாரமாக இன்ஹேலரைத் தொடவே இல்லையாம். அதைக் கேட்டதும் பூங்கொடி அழுதாள். நானும் அழுதேன். ஷிப்ட் நேரத்தில் அழுததற்கு எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக மெமோ கொடுத்தார்கள்.

மும்தாஜ் வாரிவிட்டால் வகிடு கோணுகிறது என்று மகிழினி சொல்லிவிட்டாள். அதனால் காலையில் பூங்கொடிதான் பின்வாசலில் நின்று அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள். எனக்கு ஆத்திரமெல்லாம் கடைக்காரர்கள் மேல். இந்த ஊரில் மூன்று பேன்சி ஸ்டோர் இருக்கிறது. ஒன்றிலாவது நானூறு மீட்டருக்கு மேல் நீளமான சீப்பு வைத்திருக்கிறார்களா? உத்தரவு போட்டவர்கள் அவர்களுக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்க வேண்டாமா? மீதி நூற்றுப் பன்னிரண்டு மீட்டருக்கு, மகிழினியைத் தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.