பக்கத்துத் தொட்டியின் தாகம்

மூலையில் இருந்த தட்டைப்பயறுச் செடி தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தொட்டி நிறைய ஈரம். ஆனாலும் இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மகாராணி!

துருவிக்குத் தலை சுற்றியது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. செடி வளர்க்கும் இந்தக் கண்ணாடிக்கூடத்திலும் அதே பெயர்தான். கூடத்துக்குப் பொறுப்பாளர் அவளுடைய அண்ணி ஆயிற்றே, வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

துருவியின் ஆராய்ச்சி எளிமையானது. மண் காய்ந்தால் வேர் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனை மேலே அனுப்பும். "சிக்கனம்!" என்று அது சொன்னதும் இலை நீராவி போகும் துளைகளை மூடிவிடும்; செடி குடிப்பதும் நின்றுவிடும். அதைப் பார்க்க ஒரு தொட்டிக்குத் தண்ணீர், அடுத்ததற்குப் பட்டினி என்று மாற்றி மாற்றி வைத்திருந்தாள். வயிறு நிறைந்த செடியே பட்டினி வேஷம் போட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

"நோய் பிடிச்ச செடியை வச்சு என்னத்தடி கண்டுபிடிப்பே?" என்றாள் அண்ணி. "தக்காளி ஆராய்ச்சிக்காரங்க இந்தத் தொட்டி மேடையைக் கேட்டு உயிரை வாங்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு."

"நோய் இல்ல அண்ணி. இலையைப் பாருங்க, பளபளன்னு இருக்கு."

"அப்போ திமிரு."

துருவிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாத உழைப்பும் குப்பைக்குப் போகப் போகிறது. சரி, போகிற செடியை ஒரு முறை வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தொட்டியைத் தூக்கினாள். வரவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். பக்கத்திலிருந்த பட்டினித் தொட்டியும் கூடவே நகர்ந்து வந்தது!

குனிந்து பார்த்தாள். தொட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக வேர்க்கொத்து ஒன்று வெளியேறி, அடுத்த தொட்டிக்குள் நுழைந்து, அங்கே காய்ந்த மண்ணில் பரவிக் கிடந்தது.

"அடப்பாவி! அங்க போய்த்தான் குடியிருக்கியா?"

தப்பு அவளுடையதுதான். மேடையில் இடம் போதவில்லை என்று அண்ணி நச்சரிக்கவே, தொட்டிகளை உரசி உரசி அடுக்கியிருந்தாள். செடியின் பாதி வேர் ஈரத்தில், பாதி வேர் வறட்சியில். வறண்ட பாதி கூவியதை மொத்தச் செடியும் நம்பிவிட்டதோ?

ஊகத்தைச் சொன்னால் அண்ணி மசியமாட்டாள். துருவி இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் அந்த வேரில் கத்தரிக்கோலைப் போட்டாள். மண்ணிலிருந்து ஈரம் போகாதபடி பாலித்தீனால் மூடி, ஈரத் தொட்டியை மட்டும் தராசில் ஏற்றினாள். இனி எடை குறைந்தால் அது இலை வழியே போன தண்ணீர்தான்.

எண் அசையவில்லை. மதியம் தாண்டியது. தக்காளிக்காரர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். 

அப்போது எண் ஒரு படி இறங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு படி.

"அண்ணி! குடிக்குது!"

அண்ணி வந்து தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெட்டிய வேரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, மறுபடியும் இப்படி ஒரு வேர் பக்கத்துத் தொட்டிக்குப் போச்சுன்னா, திரும்ப மூடிக்குமா?"

"தெரியல அண்ணி. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"மேடை காலியில்லை, அடுத்த மாசம் வாங்க," என்றாள் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேடையிலிருந்த வேறொரு ஈரத் தொட்டியையும் பட்டினித் தொட்டியையும் உரச உரச நெருக்கி வைத்தாள்.