ஒரு சாண் தள்ளிவைத்த கார்

பனிக்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் பழைய வால்வோ காரின் டயர்கள் அடியில் தட்டையாகிவிடும் என்பது ஸ்டூரேவின் ஓயாத கவலை. பக்கவாதம் வந்து அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, வாராவாரம் பனியை வாரிக் கொட்டகையைத் திறந்து, காரை ஒரு சாண் தள்ளிவைக்கும் வேலை மனைவி குன்வோரின் தலையில் விழுந்தது.

இன்றும் தள்ளிவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"தள்ளுனியா, இல்ல காப்பி குடிச்சிட்டே மறந்துட்டியா?"

"தள்ளியாச்சுய்யா. டயரெல்லாம் ஜம்முனு இருக்கு."

அப்போது தாதி போர்வையை விலக்கி அவரைப் புரட்டினாள். உணர்வற்ற இடுப்பில் உள்ளங்கையளவு புண். உள்ளே எலும்பு தெரிந்தது. இத்தனை வாரமாக அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குன்வோருக்கும்தான்.

"விட்றாத, குன்வோர்," என்றார் ஸ்டூரே, சுவரைப் பார்த்தபடி. "ஒரு தடவை தட்டையாயிருச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."