நாற்பது வண்டி வண்டல்

பாகப்பிரிவினையில் கரிசல் நிலத்தை வாய்விட்டுக் கேட்டு வாங்கியவன் கொட்ரப்பாதான். தம்பி பரமேஷிக்குச் சரளைக்கல் கிடந்த செம்மண் போயிற்று. மூன்று வருஷம் கொட்ரப்பா நிம்மதியாகத் தூங்கினான்.

பரமேஷி கோடையில் வற்றிய ஏரியிலிருந்து இருபது வண்டி வண்டல் அள்ளிப் போட்டான். அந்த வருஷம் அவன் கடலைச்செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் காய். சந்தைக்குப் போனாலும் சாவடிக்குப் போனாலும் ஊர் அதையே பேசியது. கொட்ரப்பாவுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த சித்திரையில் அவனும் ஏரியில் வண்டியை இறக்கினான்.

"நம்ம மண்ணே களிமண்ணு. அதுக்கு எதுக்குங்க வண்டல்?" என்றாள் மனைவி ஹாலம்மா.

"அவன் இருபது போட்டான்ல? நான் நாப்பது போடறேன், பாரு."

ஏரிக்குள் பரமேஷி ஓடி வந்து மாட்டுக் கயிற்றைப் பிடித்தான். "அண்ணா, வேணாம்ணா. செம்மண்ணுல தண்ணி நிக்காது, அதனால போட்டேன். உங்க நிலத்துல போட்டா தண்ணி வடியாது. பயிரு அழுகிடும்."

"ஏன்டா, ஏரி மொத்தத்தையும் நீயே வாரிக்கணுமா? கயித்த விடு!"

தம்பி விட்டுவிட்டான். வண்டல் அள்ள வந்து சுற்றி நின்றவர்கள் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று கொட்ரப்பாவுக்குப் பட்டது. அந்த வீம்பிலேயே நாற்பதையும் போட்டு முடித்தான்.

வீட்டுக்கு வருஷம் முழுக்க ரொட்டி அந்த நிலத்துச் சோளத்தில்தான். விதைத்தான், முழங்கால் உயரம் வந்தது. அப்புறம் ஐந்து நாள் விடாத மழை. மற்ற நிலங்களெல்லாம் இரண்டு நாளில் காய்ந்தன. கொட்ரப்பாவின் நிலத்தில் மட்டும் பத்தாம் நாளும் தண்ணீர் நின்றது. பயிர் மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. வேரில் நாற்றம். அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலையே பரமேஷி ஒரு வண்டிப் பருமணலும் ஒரு மூட்டைச் சோளமுமாக வந்து நின்றான். ஏரிப் பேச்சை எடுக்கவே இல்லை.

"மணல் கலந்தா மண்ணு இளகும்ணா. கோடைக்குள்ள இன்னும் கொண்டாந்து தர்றேன். சாப்பாட்டுக்கு யோசிக்காதீங்க, நான் இருக்கேன்."

"பெத்த புள்ள மாதிரி பாத்துக்கறாரே!" என்று ஹாலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொட்ரப்பா மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பயிர் போனதைக்கூட அவன் தாங்கியிருப்பான். தம்பி நல்லவனாகவும் இருக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.