ஆளில்லாத வீட்டு விருந்தாளி

பத்தொன்பது வருஷமாகக் கில்வாத் தீவில் இடிந்த சுவர்களைச் சுற்றிக் காட்டுகிறேன். என் முழங்கால் இரண்டும் அந்தச் சுவர்களைவிட மோசமாகிவிட்டன. மசூதி, கல்லறை, கோட்டை, அரண்மனை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், நான் மனசுக்குள் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன்.

அன்று எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். உட்கார வேண்டும். படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வருகிறார், அப்போது நேரில் நிற்பவர்களில் ஒருவருக்குத்தான் வேலை. நாற்காலி, நிழல், இனி நடையே கிடையாது. போட்டிக்கு ஷொமாரி ஒருவன் மட்டும். "நீ வந்து நின்னாப் போதும் சொமோயே" என்று அதிகாரியே சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று காலையில் சுற்றிப் பார்க்க வந்ததும் ஒரே ஒரு ஆள்தான். பெயர் ஓலிவா. சொங்கேயாவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், என்னைப் போலவே வயதான பெண்தான், இரண்டு நாள் பஸ்ஸில் வந்திருந்தாள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டு நின்றாள். மசூதிக்குள் மட்டும் முக்கால் மணி நேரம். நிழல் நகர்வதைப் பார்க்கிறாளாம்.

அவளுடைய ங்கோனி ஜனங்களுக்கும் எங்களுக்கும் கேலி முறை. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில்கூட அந்தக் கேலி உண்டு.

"ஏண்டி, உங்க ஊர்ல சுவரே கெடையாதா? இப்பிடித் தடவுறே?"

"உங்க ஊர்லதான் மனுஷங்க கெடையாது, அதான் சுவர்கிட்ட பேசுறேன். உன் சாவுக்கு வந்து பொணத்துக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுக்கப்போறது நான்தான், பாத்துக்க."

"ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கே உன்னால செத்துருவேன்."

கடலோரக் குன்றின் மேல் இருக்கிற அரண்மனைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. அங்கிருந்து படகுத்துறைக்கு அரை மணி நடை. நான் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள்.

"ஹோடி!" என்று குரல் கொடுத்தாள்.

யார் வீட்டு வாசலிலும் நாங்கள் கொடுக்கிற குரல்தான் அது. உள்ளேயிருந்து "கரிபு" என்று பதில் வந்தால் நுழையலாம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். கூரையே இல்லாத வீட்டில் பதிலுக்கு எங்கே போவது?

"யாருடி இருக்கா இங்க? எல்லாரும் செத்து அறுநூறு வருஷமாச்சு!"

"முப்பது வருஷம் இந்த வீட்டைக் கரும்பலகையில வரைஞ்சிருக்கேன். கூப்பிடாம நுழையறது மரியாதையா?"

இரண்டாவது தடவை கூப்பிட்டாள். அவள் விளையாடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மூன்றாவது தடவை குரல் இறங்கிவிட்டது. கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

எனக்கு அது நல்லதுதான். பேசாமல் கூடவே இறங்கியிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் பஸ்ஸில் வந்தவளின் முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"கரிபு!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. கரிபு சொன்னவள் வீட்டுக்காரி. விருந்தாளி தானாக விடை கேட்கிறவரை வீட்டுக்காரி எழுந்திருக்கக்கூட முடியாது. நல்ல காரியம் செய்தாய் சொமோயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஓலிவா வெறுங்காலோடு உள்ளே வந்தாள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்." வேறு என்ன சொல்வது?

"பிள்ளைங்க?"

"நல்லா இருக்குதுங்க. உக்காரு."

உட்கார்ந்து நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நானும் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடல் காற்று முழங்காலில் பட்டது. எதிரே கடலுக்கு இறங்கும் படிகளைப் பார்த்தேன். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது, கடல் நன்றாகத் தெரிகிற ஓரம். இறங்கினவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகவே ஒதுங்கி இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அவசரம் இருந்திருக்காது போல. அந்தப் படியில் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒரு நாள்கூட இதைப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அதிகாரியின் படகு அக்கரையிலிருந்து கிளம்புவது தெரிந்தது. ஓலிவா கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள்.

"அப்ப நான் கெளம்பட்டுமா?"

விடை கேட்டுவிட்டாள். இப்போது இறங்கினால் படகுக்கு முன்னாலேயே போய் நின்றுவிடலாம்.

"என்ன அவசரம்? இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போயேன்" என்றேன்.

எல்லா வீட்டுக்காரிகளும் ஒப்புக்குச் சொல்கிற வார்த்தைதான், கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். ஓலிவா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.