ஊமைக் கத்தி

கஸ்தோன் கத்தியை மூடினால்தான் அந்த வீட்டில் சாப்பாடு முடியும். தொடங்கி வைப்பதும் அந்தக் கத்திதான். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து விரித்து, ரொட்டியை மார்போடு அணைத்து முதல் துண்டை அறுப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தங்கள் கத்திகளை வெளியே எடுப்பார்கள். கடைசியில் அலகைத் துடைத்து, டக்கென்று மடக்குவார். பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் அங்கேயே நிற்கும். பெஞ்சுகள் பின்னுக்கு நகரும். அவர் மனைவி இவெத் காபி கொண்டுவரப் போவாள், மகன் ரெமி தொழுவத்துக்குக் கிளம்புவான்.

ரெமியின் காதலியாக லூசில் அந்தப் பண்ணை வீட்டுக்கு முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை, இது தெரியாமல் டக் சத்தத்துக்குப் பிறகு சீஸ் தட்டில் கை வைத்துவிட்டாள். எல்லோரும் எழுந்து நிற்க, அவள் மட்டும் கையில் சீஸோடு உட்கார்ந்திருந்தாள்.

"தியேர் ஊர்ல கத்தி நல்லாத்தான் செய்வாங்க," என்றார் கஸ்தோன். "மூடினா என்ன அர்த்தம்னு மட்டும் தெரியாது போல."

கத்திக்குப் பேர்போன தியேரில் லூசிலுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கத்திப் பட்டறை இருந்தது. மலைக்குக் கீழே, ஆற்றோரம். ஆகவே அந்தப் பேச்சு அவளுக்கு நன்றாகவே சுருக்கென்றது. அன்றிலிருந்து அவர் வாயில் அவள் பெயர் வரவே இல்லை. 'தியேர்க்காரி' என்றுதான் மற்றவர்களிடம் சொல்வார். நேரில் பேசும்போது 'நீங்க, வாங்க' என்று நகராட்சி அதிகாரியிடம் பேசுவதுபோல மரியாதை பொங்கும். ரெமிக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று நிச்சயமான பிறகும் அந்த மரியாதை குறையவில்லை.

இலையுதிர் காலத்தில் மார்க்கீஸ் என்ற பசு, கஸ்தோனின் இடது கையை இரும்புக் கதவோடு வைத்து நசுக்கிவிட்டது. கை பிழைத்தது, விரல்கள் மடங்கவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் புலம்பவில்லை. மறுபடி பால் கறக்கும் இயந்திரத்தை மாட்டவும் டிராக்டர் ஓட்டவும் பழகிக்கொண்டார். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் வரவில்லை. மடக்குக் கத்தியை விரிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை பிடியைப் பிடிக்க, இன்னொரு கை நகத்தால் அலகை இழுக்க. கத்தியை யாரிடமாவது கொடுத்து விரித்துத் தரச் சொல்வதற்குப் பதில் அவர் பட்டினி கிடப்பார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் நின்றுகொண்டே சூப்பைக் குடித்துவிட்டுப் போனார்.

சமையல் கத்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் இவெத். "அது வெங்காயத்துக்கு," என்றார். மடக்காத கத்தியை உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளலாமே என்றான் ரெமி. "சாப்பிட உக்காரதுக்கு உறையோட வர நான் என்ன காட்டுப்பன்னி வேட்டைக்கா போறேன்?" என்றார்.

அவர் இல்லாத மேசையில் சாப்பாடு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மகன் என்ற முறையில் ரெமி கத்தியை எடுத்திருக்கலாம். அவன் எடுக்கவில்லை.

கல்யாணம் ஜூனில். வைக்கோல் கொட்டகையில் நீள மேசை போட்டு விருந்து. கஸ்தோன் தன் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"கல்யாணப் பதிவுக்கு மேயர் முன்னாடி வந்து நிக்கிறேன். சர்ச்சுல நிக்கிறேன். விருந்துக்கு மட்டும் என்னைத் தேடாதீங்க. மாட்டுல பால் கறக்கணும்."

"உம் பையன் கல்யாணம்யா!" என்றாள் இவெத்.

"மாட்டுக்கு அது தெரியாதே."

மாமனார் உட்காராத மேசையில் கல்யாண விருந்து சாப்பிட லூசிலுக்கு மனமில்லை. அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பெண் பிடிக்கவில்லை. ரெமி எவ்வளவு சமாதானம் சொன்னாலும், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் போய் அவனால் சமாதானம் சொல்ல முடியாது.

ஒரு நாள் விறகு எடுக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனவள், அவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கத்தியின் அலகைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் ரத்தம். அவள் சத்தமில்லாமல் திரும்பிப் போய், விறகு இல்லாமலே வீட்டுக்குள் நுழைந்தாள்.

"விறகு எங்க?" என்றான் ரெமி.

"ஈரமா இருக்கு," என்றாள்.

மறுநாள் பட்டறையில் தன் இடது கையை மேலங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டு, அங்கிருந்த கத்திகளை ஒவ்வொன்றாக வலது கையால் மட்டும் திறந்து பார்த்தாள். பிடிகளுக்கு மெருகேற்றும் ழோசெத் இதைப் பார்த்து, "என்னடி, கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு கையைத் தானம் பண்ணிட்டியா?" என்றாள்.

ஒரு கையால் திறக்கும் கத்திகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. பித்தானை அழுத்தினால் பாய்ந்து வருபவை, கட்டைவிரலுக்கு அலகில் ஓட்டை போட்டவை. அதையெல்லாம் கஸ்தோன் கையில் வைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. பஸ் நிலையத்தில் பர்ஸ் பிடுங்குகிறவன் வைத்திருப்பது மாதிரி இருக்கும். இது ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் போட்டால் துருத்தாமல் கிடக்க வேண்டும். எடுத்தால் பெரிய மனுஷன் கத்தியாக இருக்க வேண்டும். ஒற்றைக் கைக்காரனுக்காகச் செய்தது என்று பார்த்தவுடன் தெரியக் கூடாது.

அட்டையில் வெட்டிப் பார்த்தாள், பிறகு மரச் சில்லில். கடைசியில் அலகின் அடியைக் கொஞ்சம் நீட்டி, பிடிக்கு வெளியே ஒரு சிறு வாலாக விட்டாள். பழைய சவரக் கத்திகளில் உள்ளது போல. கட்டைவிரலால் வாலை அமுக்கினால் அலகு எழுந்து வரும். மூடுவதற்கு அலகின் முதுகைத் தொடையில் வைத்து அழுத்தினால் போதும். அலகைப் பிடித்து நிறுத்துவது பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங் பட்டைதான். கட்டைவிரலுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று அந்தப் பட்டையை மெல்லியதாக அரைத்தாள். பட்டையில் உரசும் அலகின் அடிமூலைகளை அரத்தால் உருட்டிவிட்டாள். அலகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை மறுபடி சூடாக்கி ஆறவிட்டாள். பிடிக்குக் கறுப்பு மாட்டுக்கொம்பு.

ழோசெத் மூடித் திறந்து பார்த்தாள். "பட்டு மாதிரி இருக்கு. சத்தமே இல்ல."

லூசிலுக்குப் பெருமையாக இருந்தது. பாரிஸிலிருந்து கத்தி வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

கத்தியைத் தொழுவத்தில் வைத்துக் கொடுத்தாள். "முசியே கஸ்தோன், இது புது மாதிரி. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு பண்ணைக்காரர் வச்சிருந்து பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

அவர் கத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கட்டைவிரல் வாலைத் தேடிப் போயிற்று. அலகு எழுந்து வந்து நின்றது. மூடினார். மறுபடி திறந்தார்.

"எந்த மாட்டுக் கொம்பு?"

"தெரியலைங்க. கடையில வாங்கினது."

"மார்க்கீஸோடதா இருந்தா நல்லாருந்திருக்கும். கையை எடுத்தவ, கையிலயே கெடப்பா," என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஸ்தோன் மேசைக்கு வந்தார். எல்லோரும் அதைக் கவனிக்காதது போல இருக்க என்ன பாடுபட்டார்கள்! இவெத் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவருடைய தம்பி எமீல், விருந்தாளியாக வந்தவர், உர விலையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். கஸ்தோன் ரொட்டியை இடது முழங்கையால் மார்போடு அணைத்து முதல் துண்டை அறுத்தார். ரெமி மேசைக்கு அடியில் லூசிலின் கையைப் பிடித்தான். முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் போட்ட சூப், தொத்திறைச்சி, கடைசியில் நீலம் பாய்ந்த சீஸ். எல்லாம் நன்றாகவே போயிற்று.

பிறகு கஸ்தோன் அலகைத் துடைத்து, கத்தியை மூடினார்.

யாரும் எழவில்லை. எமீல் உரத்திலிருந்து டீசலுக்கு வந்திருந்தார். கஸ்தோன் கத்தியைத் திறந்து மறுபடி மூடினார். ரெமி இன்னும் கொஞ்சம் ஒயின் ஊற்றிக்கொண்டான். எமீல் பேசிக்கொண்டே கையை நீட்டிப் பெரிய சீஸ் துண்டாக ஒன்று வெட்டி எடுத்தார். கஸ்தோனின் கழுத்து சிவந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கத்தியை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"என்ன ஆச்சு இவருக்கு?" என்றாள் இவெத்.

லூசில் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தொழுவத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கை வலிச்சுதா? வால் குத்துதா? சொன்னா சரி பண்றேன்."

"வாலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

அவர் திரும்பினார். "ஊமைக் கத்திய செஞ்சு குடுத்திருக்க நீ! நான் மூடுறேன், எவனுக்கும் கேக்கல. எந் தம்பி எம் மூஞ்சிக்கு நேரா சீஸ் வெட்டுறான். எங்க வீட்டு மேசையில நான் இருக்கேனா இல்லையான்னே தெரியல. தியேர்ல உனக்கு இதக்கூடவா சொல்லித் தரல?"

லூசிலுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டாள். "உங்க பழைய கத்தியக் கொஞ்சம் குடுங்க," என்றாள்.

கொடுத்தார். அவளே விரித்து, காதருகே வைத்து மூடினாள். டக். அவர் முன்னாலேயே பல தடவை மூடிப் பார்த்தாள். மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"போதும், பல்லு கூசுது," என்றார் கஸ்தோன்.

அவளைத் தியேரில் விடப் போகும் வழியில் காரில் ரெமி சொன்னான்: "ஒண்ணு கவனிச்சியா? திட்டுறப்போ உன்ன 'நீ'ன்னு சொன்னார். ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு."

லூசில் கத்தியைப் பிரித்து முதலிலிருந்து தொடங்கினாள். தடித்த ஸ்பிரிங் போட்டாள். சத்தம் வந்தது, ஆனால் கட்டைவிரலால் திறக்க முடியவில்லை. வாலை நீட்டினாள். திறந்தது, ஆனால் கோட்டுப் பையில் குத்தியது. வாலைப் பிடியின் வளைவோடு ஒட்டி வளைத்தாள். அலகின் அடிமூலையை இந்தத் தடவை உருட்டாமல் கூராகவே விட்டாள், ஸ்பிரிங் அதன்மேல் விழுந்து அடிக்கட்டும் என்று. அந்த வேகத்தில் அலகின் கூர் உள்ளே மோதி மழுங்காமல் இருக்க, அடியில் சின்னதாக ஒரு தடுப்பும் வைத்தாள்.

"போன தடவை பட்டு, இந்தத் தடவை எலிப்பொறி," என்றாள் ழோசெத்.

"அதேதான் வேணும்," என்றாள் லூசில்.

கல்யாணத்தன்று காலையில் கத்தியை இவெத்திடம் கொடுத்து கஸ்தோனின் கோட்டுப் பையில் போடச் சொன்னாள். திறந்து பார்த்தாரா, மூடிப் பார்த்தாரா என்று கேட்க நேரமில்லை. சொன்னபடி அவர் மேயர் முன்னால் நின்றார். சர்ச்சில் நின்றார். கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்தபோது, மேசைத் தலைமாட்டில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. லூசில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குசுகுசுவென்று ஆரம்பித்தார்கள்.

அப்போது கஸ்தோன் ஒரு பெரிய ரொட்டியை முழங்கையில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உட்கார்ந்தார். கத்தியைத் திறந்தார். முதல் துண்டை வெட்டி, வேறு யாருக்கும் கொடுக்காமல், கை நீட்டி லூசிலின் தட்டில் போட்டார்.

வெயில் சாயும்வரை அக்கார்டியன் இசையோடு விருந்து நடந்தது. சீஸ் இரண்டு முறை சுற்றி வந்தது. கத்தி திறந்தபடியே தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. தொழுவத்தில் மாடுகள் கத்தத் தொடங்கின.

"கஸ்தோன், பால் கறக்குற நேரம்," என்றாள் இவெத்.

"தெரியும்."

"கத்திய மூடு. எல்லாரும் உன்னத்தான் பாத்துட்டிருக்காங்க."

"பாக்கட்டும். பையன் போய்க் கறக்கட்டும்."

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு, கல்யாணச் சட்டைக்குமேல் ரப்பர் மேலங்கி மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன்மேல் பால் வாடை அடித்தது. லூசில் நகர்ந்து இடம் விட்டாள்.

"என்ன, தியேர்க்காரி," என்றார் கஸ்தோன், "சாப்பிட்டாச்சா? வேற ஏதாவது வேணுமா உனக்கு?"

"போதும்."

"நல்லாக் கேட்டுக்கோ. அப்புறம் கேக்கலன்னு சொல்லக் கூடாது."

அலகைக் கைக்குட்டையில் துடைத்தார். அதன் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார்.

டக்.

அக்கார்டியன் நின்றது. பெஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன. மேசையின் மறுகோடியில் சீஸ் தட்டை நோக்கி நீண்டிருந்த எமீலின் கை, அப்படியே திரும்பிப் போயிற்று.