விருந்துக்குப் போன நிலம்

ஜெபாரா மாவட்டத்துக் கராங்வாருவில், கடலை ஒட்டிக் கிடந்த பார்தினாவின் நிலம், மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு திங்கட்கிழமை காலை, தன்னை வாங்க வந்துபோனவர் வீட்டுக்கு விருந்தாளியாக ஜகார்த்தாவுக்குக் கிளம்பிப் போனது. பன்னிரண்டு தென்னை மரங்களையும், நெத்திலி காய வைக்கும் மூங்கில் பரண்களையும், சுற்றுச்சுவர் வைத்த கிணற்றையும் கூடவே கொண்டுபோயிற்று. அது இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சுத்தமான செவ்வகப் பள்ளம் மிச்சமிருந்தது. கடல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் வழக்கமில்லை. பள்ளத்தை முதலில் பார்த்தவள் பார்தினாதான். முதுகில் ஒரு கூடை நெத்திலியோடு வந்தவள், அதை இறக்கி வைத்தாள். நிலம் போய்விட்டதே என்ற துக்கம் அப்புறம்தான் வந்தது. இந்த மீனை எங்கே கொட்டிக் காய வைப்பது என்ற கவலைதான் முதலில் வந்தது, ஏனென்றால் நெத்திலி யாருக்காகவும் காத்திருக்காது. பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகைக் கூரையில் பரப்பிவிட்டு வந்து, பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

இதற்கு மூன்று வாரம் முன்னால் தோகார் என்பவர் நிலம் பார்க்க வந்திருந்தார். அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமையானால் வெளியூர்க் கார்கள் வரிசையாக வரும். இறங்குகிறவர்கள் சூரியன் விழுவதைப் படம் எடுப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், காலடியில் இருக்கும் மணல் என்ன விலை என்று கேட்பார்கள். சிலர் வாங்கவும் வாங்கினார்கள். பார்தினாவின் செத்துப்போன கணவனின் தம்பி கஸ்மான், அதுவரை செதுக்கு வேலை நாற்காலி விற்றுக்கொண்டிருந்தவன், நாற்காலியைவிட நிலம் விற்பது சுலபம், தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்துத் தரகனாகிவிட்டான். தோகாரை அழைத்து வந்தவனும் அவன்தான். தோகார் ஜகார்த்தாவில் டயர் வியாபாரி. பிறப்பால் சுமத்ராவின் பத்தாக் ஆள். மனத்தில் இருப்பதை அப்படியே வாயில் வைத்துப் பேசுகிற ஜனம். அவர் மனைவி ரெத்னோ மட்டும் எங்கள் ஜாவாக்காரி, சோலோ ஊர்ப் பெண்.

தோகார் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து ஒரு வாளி தண்ணீரில் பாதியைக் குடித்தார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு தித்திப்புத் தண்ணீரா என்று ஆச்சரியப்பட்டார். அந்தக் கிணற்றைத் தோண்டியவன் பார்தினாவின் கணவன். அவன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்தத் தண்ணீரும், அந்தப் பரணும், அவற்றை வைத்து ஓடுகிற பிழைப்பும்தான். விற்பதில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். கஷ்டம் என்னவென்றால், அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“இந்த இடத்தை எனக்குக் குடுத்துடறீங்களாம்மா?” என்று கேட்டார் தோகார்.

“சரிங்க பாக்,” என்றாள் பார்தினா.

எங்கள் ஊரில் ‘பாக்’ என்றால் ஐயா. ‘சரிங்க’ என்றால் நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டேன் என்றும் இருக்கலாம். மாட்டவே மாட்டேன் என்றும் இருக்கலாம். வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற ஆளை நாங்கள் பார்த்ததில்லை. குரல் எவ்வளவு இறங்குகிறது, கண் எங்கே போகிறது என்பதை வைத்துக் கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தோகார் விலை சொன்னார்; சரிங்க என்றாள். அடுத்த மாதம் பத்திரம் எழுதலாம் என்றார், அதற்கும் சரிங்க. பரண்களைப் பிரித்துவிட்டு எட்டு அறை வைத்து ஒரு விடுதி கட்டப்போவதாகச் சொன்னபோது அவள் குரல் மணலோடு மணலாகிவிட்டது, ஆனாலும் சரிங்க என்றுதான் சொன்னாள். ரெத்னோவுக்கு முதல் சரியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் புருஷனைத் திருத்துவது அழகில்லை என்று சும்மா இருந்தாள். கஸ்மானுக்கும் புரிந்தது. தரகுக் கூலி கண்ணில் தெரிந்ததால் அவனுக்கு அன்றைக்குக் காது கொஞ்சம் மந்தம்.

கிளம்புகிற நேரத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. காரில் ஏறப்போன ரெத்னோ, வழக்கப்படி திரும்பி, “நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க,” என்று சொன்னாள். எங்களில் யாரும் யாரையும் இப்படிச் சொல்லாமல் பிரிய மாட்டோம். கேட்கிறவரும் வருகிறேன் என்பார். யாரும் வரமாட்டார்கள், யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த நேரம் பார்தினா கூடையை நகர்த்தக் குனிந்திருந்தாள். கஸ்மான் காருக்குப் பின்னால் வழி காட்டிக்கொண்டிருந்தான். ரெத்னோவின் முகத்துக்கு நேரே இருந்தது நிலம் மட்டும்தான். அதை அதுவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை, அதனால் எந்த அழைப்பை நிஜமாக எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் தேய்க்க அட்டை இல்லாததால் நிலம் பழைய கடற்கரைச் சாலையில்தான் போனது. இடது ஓரமாகவே போயிற்று என்றும், பாலங்களுக்கு அடியில் தென்னைகள் தலையைக் குனிந்துகொண்டன என்றும் லாரிக்காரர்கள் சொன்னார்கள். சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் லாரிகளோடு லாரியாக நின்று இளைப்பாறியது. பிரெபெஸ் பக்கத்தில் சில டிரைவர்கள் அதன் கிணற்றில் குளித்துவிட்டு, நன்றிக்கு ஒரு கூடை உப்பு வாத்து முட்டையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே தோகாரின் குடியிருப்பு வாசலை அடைந்தபோது அது வெறுங்கையோடு வரவில்லை. காவலாளி யாரைப் பார்க்க என்று கேட்டுவிட்டு உள்ளே போன் போட்டான். ரெத்னோ வெளியே வந்து பார்த்தாள். வந்தவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்பது அவள் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. உள்ளே வாங்க என்றாள். மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் நிலம் நகர்ந்தது. தெருக்கோடியில் பாட்மின்டன் மைதானம் காலியாக இருந்தது, அங்கே உட்காரச் சொன்னாள். தேநீர் போட்டு எடுத்துப்போய் வேரில் ஊற்றினாள். குடிங்க என்று சொல்லும்வரை மண் அதை உறிஞ்சவில்லை.

ஒரு நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அங்கே போர்டே இருக்கிறது. மறுநாள் தெருத் தலைவர் வந்தார். பெயர், ஊர், என்ன உறவு என்று எழுதிக்கொண்டவர் தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, கருவாடு காயப்போடுதல் என்று எழுதினார். பாட்மின்டன் ஆடுகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு இரண்டு தென்னைக்கு நடுவில் வலையைக் கட்டி, தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்துக் குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வருவது. கிணற்றின் தித்திப்பு தெரிந்ததும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். தோகார் இதையெல்லாம் பார்த்தார். வியாபார மூளை சும்மா இருக்குமா? வாங்குவதற்கு முன்பே டெலிவரி ஆகிவிட்டது என்று நண்பர்களிடம் சிரித்தவர், கடற்கரையில் இருப்பதைவிட இங்கே இதற்கு மதிப்பு அதிகம், இங்கேயே இருக்கட்டும் என்று கஸ்மானுக்குப் போனில் சொல்லிவிட்டார்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் பார்தினாவுக்கு நிஜமாகவே பயம் வந்தது. விருந்தாளியாகப் போன நிலம் விடை பெறாமல் எழுந்து வராது. ரெத்னோவோ போய் வாருங்கள் என்று தானாக ஒருநாளும் சொல்லமாட்டாள். இரண்டு பேரும் மரியாதை பார்த்துக்கொண்டே இருந்தால் தன் ஆயுசு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு பை காய்ந்த நெத்திலியை எடுத்துக்கொண்டு, கஸ்மானையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். விடிந்து மைதானத்துக்குப் போனபோது அவளுடைய பரண்கள்மேல் யார் வீட்டுத் துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன. கிணற்றுச் சுவரில் கை வைத்தாள். தன் இடத்தில் தானே விருந்தாளியாக உட்கார வேண்டியதாயிற்றே என்று நினைத்தாள்.

தோகார் பத்திரம் எழுதுகிற நோட்டரியை மைதானத்துக்கே வரவழைத்திருந்தார். தென்னை நிழலில் மேசை போட்டாயிற்று, தேநீரும் வந்தாயிற்று.

“வந்தவரை உட்கார வச்சு வளவளன்னு பேசுற பழக்கம் எனக்கில்லம்மா,” என்றார் தோகார். “நேராக் கேக்குறேன். நீங்க சம்மதிச்சுத்தானே குடுக்கிறீங்க?”

“சரிங்க பாக்.”

“பாத்தீங்களா,” என்று நோட்டரி பக்கம் திரும்பினார். “எழுதுங்க.”

நோட்டரி பேனாவைத் திறந்தபோது, ரெத்னோ தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். “அந்தச் சரிக்குச் சரின்னு அர்த்தமில்லைங்க,” என்றாள்.

“பின்ன?”

“மாட்டேன்னு அர்த்தம். அன்னிக்குச் சொன்னாங்களே நாலு சரி, அதுவும் மாட்டேன்தான்.”

தோகார் மனைவி பக்கம் திரும்பினார். “அப்ப சம்மதம்னா என்ன சொல்லுவாங்க?”

“அதுக்கும் சரிங்கதான்.”

“அடியே, கல்யாணமாகி இருபத்தாறு வருஷமா நீ எங்கிட்டச் சொல்லிட்டிருக்கியே சரிங்க, சரிங்கன்னு. அதெல்லாம்?”

“சரிங்க,” என்றாள் ரெத்னோ. “டீ ஆறுது, குடிங்க.”

கஸ்மான் சிரிப்பை அடக்க மேலே தேங்காயைப் பார்த்தான். தோகார் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பார்தினாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு, அவரிடம் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் பேசினார். “அம்மா, உங்க ஊர்க் காது எனக்கு இல்ல. நான் பொல்லாதவன் இல்ல, ஆனா சொன்னாத்தான் புரியும். என் காதுக்குக் கேக்குற மாதிரி ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

பார்தினா புருஷனிடம்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வாய் திறந்தாள், சரிங்க என்றே வந்தது. தோகார் காத்திருந்தார். அவள் பரணைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்து, “மாட்டேங்க,” என்றாள். நூல் மாதிரி மெல்லிசாக வந்தது. பக்கத்தில் நின்ற நோட்டரிக்கே சரியாகக் கேட்கவில்லை. நிலத்துக்குக் கேட்டது. பன்னிரண்டு மரங்களும் காற்றில்லாமல் ஒரு தரம் அசைந்தன, கிணற்றில் தண்ணீர் விளிம்புவரை ஏறி இறங்கியது. பார்தினா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கம் பாதி, நிம்மதி பாதி. நோட்டரி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். கஸ்மான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“கிளம்புறோங்க,” என்று பார்தினா எழுந்து விடை கேட்டாள். நிலமும் எழுந்தது.

“ஏன் அதுக்குள்ள, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமே,” என்று ரெத்னோ பழக்கத்தில் சொல்லிவிட, நிலம் மறுபடியும் உட்காரப் பார்த்தது. தோகார் அவசரமாக மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார். அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் குடியிருப்பு வாசல்வரை கூட நடந்து வந்தவர், கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்த பார்தினாவையும் அந்த மண்ணையும் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டும் போலத் தோன்றி, “அப்பப்ப வந்துட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டார். அவர் வாழ்நாளில் மனத்தில் இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பார்தினா அதை உபசாரமாகவே எடுத்துக்கொண்டாள். நிலம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்த நிலம் தன் பள்ளத்தில் ஒரு சாண் கிழக்கே தள்ளி உட்கார்ந்தது. அந்தப் பக்கம் கஸ்மானுடைய நிலம். அளவு குறைந்துவிட்டது என்று அவன் ஊர்த் தலைவரிடம் போனான். அண்ணி நாலு நாள் நெத்திலியை வறுத்துக் கொடுத்தனுப்பியதும் சும்மா இருந்துவிட்டான். அடுத்த வருஷம் தோகார் கஸ்மானின் அந்த நிலத்தையே வாங்க வந்தார். இது எங்கேயாவது போகுமா என்று முதல் கேள்வியாகக் கேட்டார். இதுக்கு அவ்வளவு மரியாதை தெரியாதுங்க பாக் என்றான் கஸ்மான். பத்திரம் எழுதி, நாலு அறை வைத்து விடுதி கட்டியாயிற்று. குடிதண்ணீர் பார்தினாவின் கிணற்றிலிருந்து போகிறது. விடுதி நன்றாகவே ஓடுகிறது. பார்தினா எல்லோரிடமும் பழையபடி சரிங்க என்றுதான் சொல்கிறாள். அந்த இன்னொரு சொல்லை மறுபடி எடுக்க வேண்டி வரவில்லை, எடுத்தால் வரும் என்று தெரிந்திருப்பதே அவளுக்குப் போதுமாக இருக்கிறது. ஜகார்த்தாவில் தோகார், மனைவி சரிங்க என்றால், எந்தச் சரி என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த வேலை பார்க்கிறார்.

வருஷம் தவறாமல் நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் நிலம் ஜகார்த்தாவுக்குப் போகிறது, பார்தினா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கூடவே போகிறாள். அந்த நாட்களில் விடுதியில் தங்குகிறவர்கள் பள்ளத்தைப் பார்த்துக் கேட்டால், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு என்று வேலைக்காரர்கள் சொல்கிறார்கள். தோகார் முந்தின நாளே பாட்மின்டன் வலையை அவிழ்த்து வைத்துவிடுகிறார். ரெத்னோ மூன்று தடவை உள்ளே கூப்பிடுகிறாள், பெரிய கெட்டிலில் தேநீர் போடுகிறாள். ஒரு நாள் முடிவதற்குள் கிளம்பிவிடுவதால் தெருத் தலைவரிடம் பதிவு செய்யத் தேவை ஏற்படுவதில்லை.