‘எங்கே’ என்று கேளாத காலை

கதை எழுதும் தகுதி உண்டா என்று யாரையும் கேட்டறியாமலே எழுதத் துணிந்தமைக்கு, இதைப் படிக்கும் பெரியோர்கள் முதற்கண் மன்னித்தருள வேண்டும். பரங்கிமலைப் படிகளுக்கு மேல் வேறெந்த மலையிலும் கால் வைத்தறியாத ஒருவர் எழுதும் மலைக்கதை இது. பிழை இருப்பின் பொறுத்தருளுக. இதில் துணிவு ஏதும் தென்பட்டால் அது முழுவதும் நீரஜாவுடையது.

மெட்ராஸ் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாகச் சென்னை ஆகத் தொடங்கிய ஆண்டு அது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் குடியிருந்த நீரஜா, தியாகராய நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சக ஊழியர்கள் விடுமுறைச் சலுகையில் கொடைக்கானலுக்குப் போய்ப் படகு விட்டுத் திரும்பிய கோடைகளில், அவள் முதுகில் மூட்டையுடன் இமயமலையில் நடந்துவிட்டு, மூக்கில் தோலுரிந்த முகத்தோடு வந்து மேசையில் அமர்வாள். வீட்டார் சொல்லிப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள். திருமணப் பேச்சு எடுத்தவர்களிடம், மாப்பிள்ளைக்கு நடக்க வருமா என்று அவள் நிதானமாகக் கேட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அடையாற்றில் மலைநடைக் கழகம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஒரு குழுவை உயரமான கணவாய் ஒன்றைத் தாண்ட அனுப்புவார்கள். அதுவரை தலைமைப் பொறுப்பு ஆண்களுக்கே போயிற்று. இம்முறை நீரஜாவுக்குத் தருவதென்று, நெடிய விவாதத்துக்குப் பின் முடிவாயிற்று. ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. தலைவியும் குறைந்தது இரு உறுப்பினர்களும் கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டினால் இனி ஒவ்வோர் ஆண்டும் குழுவை நடத்திச் செல்வது அவள். தாண்டாவிட்டால் பொறுப்பு வேறொருவருக்கு. செயலாளர் ஸ்ரீகிருஷ்ணா இதை மிகுந்த தயக்கத்துடன் சொன்னார். நீரஜா தயங்கவில்லை. தாண்டிவிடுவோம் என்றாள். அவளுக்கு அதில் ஐயமே இருக்கவில்லை.

குழுவில் அவளைத் தவிர மூவர். மயிலாப்பூரில் தணிக்கையாளராகத் தொழில் நடத்திய வேதாந்தம், ஐம்பதைக் கடந்தவர். விடியற்காலையில் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி இளைஞர்களை முந்தி நடப்பவர். எந்த ஊரில் இருந்தாலும் சந்தியாவந்தனம் தவறாதவர். ஃபராஸ், தியாகராய நகரில் கான்வாஸ் பைகள் தைக்கும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. குழுவின் முதுகுப்பைகள் எல்லாம் அவன் கைத் தையல். ஜவஹருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை, கே.கே. நகரில் வீடு, ஓயாத வாய்.

பயிற்சி எலியட்ஸ் கடற்கரையில் நடந்தது. பைகளில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டி, கால் புதையும் மணலில் திருவான்மியூர் வரை போய் வருவார்கள். மீனவப் பெண்கள், இவ்வளவு அரிசியையும் எங்கே விற்கப் போகிறார்கள் என்று விசாரித்தார்கள். அப்படியொரு காலையில் மணலில் உட்கார்ந்துதான் நீரஜா தன் விதிகளைச் சொன்னாள். வழி தவறினால் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. யாரும் தனியே விடப்படக் கூடாது. முகாமை விட்டு ஒருவர் நகர்ந்தால், பார்த்தவர் எங்கே என்று கேட்க வேண்டும்; போகிறவர் திசையைச் சொல்ல வேண்டும்.

கடைசி விதியைக் கேட்டதும் வேதாந்தத்தின் முகம் சுருங்கியது.

“கிளம்பறவாளைப் பார்த்து எங்கேன்னு கேக்கறதா? நன்னாயிருக்கே. தூரமான்னு கேளு, பதில் சொல்றேன்.”

“தூரம்னு தெரிஞ்சுண்டு நான் என்ன பண்றது மாமா? எந்தப் பக்கம்னு தெரியணும்.”

ஜவஹரும் இதில் வேதாந்தத்தின் கட்சி. “எங்கூட்லயும் அதான் மேடம். எங்க நைனா கெளம்பும்போது யார்னா எங்கன்னு கேட்டாங்கன்னு வையி, செருப்ப கயட்டி வுட்டுட்டு, ஒக்காந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுதான் மறுபடி கெளம்புவாரு. பஸ்ஸு போனாலும் சரி.”

ஃபராஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் வீட்டில் அம்மா, ‘எங்கே’ என்று கேட்காமல் வாசற்படியைத் தாண்ட விடுவதில்லை என்றும், கேட்காவிட்டால்தான் ஏதோ கோபம் என்று பொருள் என்றும் சொன்னான். நீரஜா உடனே தீர்ப்பளித்தாள். எங்கே என்று கேட்கும் வேலை ஃபராஸுடையது. மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டாம். பதில் சொன்னால் போதும். ஜவஹர் அன்றே அவனுக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்தான்.

ஏற்பாடு அழகாக வேலை செய்தது. குலூ மலைகளில் ஏறத் தொடங்கியபின் வேதாந்தம் சொம்போடு நகர்ந்தாலும் சரி, ஜவஹர் பீடிக்கு ஒதுங்கினாலும் சரி, கூடாரத்திலிருந்து ஃபராஸின் குரல் எழும். “எங்கே சாமி?” என்பான். வேதாந்தம் முணுமுணுத்துக்கொண்டே திசையைக் காட்டுவார். தேவதாரு மரங்கள் முடிந்து, புல்வெளி முடிந்து, பனியாறு தள்ளிவிட்டுப் போன கற்குவியல்கள் தொடங்கின. நீரஜா முன்னே நடந்தாள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் தண்ணீர் குடிக்க மறந்தார் என்பதையெல்லாம் திரும்பிப் பாராமலே, காலடி ஓசையிலிருந்து அறிந்தாள். உள்ளூர் வழிகாட்டி முதலில் அவள் சொற்களைக் கேட்டுக்கொள்ள மட்டும் செய்தார். பிறகு அவளிடம் கேட்டுக்கொண்டு நடந்தார்.

கணவாயின் அடியில், மூன்று புறமும் பாறைச் சுவர் எழுந்த ஒரு பள்ளத்தில் கடைசி முகாம். அங்கே வெயில் வெகு தாமதமாகத்தான் இறங்கியது. முதல் நாள் ஓய்வு. மறுநாள் காலை, பனி இளகுமுன் கணவாயைத் தாண்டுவதென்று ஏற்பாடு.

அந்தக் காலை வந்தது. இரவில் புதுப்பனி விழுந்திருந்ததால், மேலே சரிவு எப்படி இருக்கிறதென்று பார்த்துவர வழிகாட்டி ஃபராஸை அழைத்துக்கொண்டு போயிருந்தார். ஜவஹர் ஸ்டவ்வோடு போராடிக்கொண்டிருந்தான். நீரஜா கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வேதாந்தம் சால்வையைப் போர்த்துக்கொண்டு, கையில் எதையோ மறைத்தாற்போல் வைத்துக்கொண்டு, அவளைக் கடந்து போனார்.

கேட்க வேண்டிய சொல் அவள் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் அது கணவாய் நாள். ஆண்டு முழுவதும் அவள் காத்திருந்த நாள். அன்று, கிளம்புகிற வேளையில், அந்தச் சொல்லா? எத்தனையோ நல்ல காரியங்களின் வாசலில் வீட்டார் அடக்கி வைத்த அந்தச் சொல்லை, விதி எழுதிய அவளாலும் உச்சரிக்க முடியவில்லை.

“தூரமா மாமா?” என்றாள்.

“இல்லேம்மா. இதோ வந்துடறேன்.”

அவர் ஒரு பெரிய பாறைக்கு அப்பால் மறைந்தார். சிறிது நேரத்தில் கீழிருந்து மூடுபனி எழுந்து வந்து, பாறையை, கூடாரத்தை, ஸ்டவ்வின் அருகிலிருந்த ஜவஹரின் தலையை ஒவ்வொன்றாக விழுங்கியது.

முதலில் யாரும் பதறவில்லை. விசில் ஊதினார்கள். பதில் இல்லை. வேதாந்தத்தின் விசில் அவருடைய பையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜவஹர் ஓடப் பார்த்தான். நீரஜா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஓடினால் இருவரைத் தேட வேண்டிவரும் என்றாள். ஃபராஸும் வழிகாட்டியும் மூடுபனியைத் துழாவிக்கொண்டு இறங்கி வந்தார்கள். விஷயம் கேட்டதும் ஃபராஸின் வாயிலிருந்து வந்த முதற் கேள்வி, எங்கே போனார் என்பதுதான்.

“யாருமே கேக்கலையா?”

“நான் கேட்டேன், ஃபராஸ். தூரமான்னு கேட்டேன்,” என்றாள் நீரஜா.

ஃபராஸ் சிரிக்கவில்லை. ஜவஹர் ஸ்டவ்வை அணைத்தான்.

மேலே சரிவு உறுதியாக இருந்தது. இப்போதே கிளம்பினால்தான் தாண்டலாம் என்று வழிகாட்டி நினைவூட்டினார். வந்த வழியே கீழ்நோக்கித் தேடலாம் என்பது அவருடைய எண்ணம். காலைக்கடனுக்கு எல்லோரும் அந்தப் பக்கம்தான் போவார்கள். நீரஜா வேதாந்தத்தின் பையைத் திறந்து பார்த்தாள். சொம்பு இருந்தது. சந்தியாவந்தனத்துக்கான பஞ்சபாத்திரமும் உத்தரணியும் இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் முழுதும் அவர் குறைப்பட்டுக்கொண்டது ஒன்றுதான்: இந்தப் பள்ளத்தில் சூரியன் உதிப்பதே தெரியவில்லை; தெரியாத சூரியனுக்கு எப்படி அர்க்கியம் விடுவது?

“கீழே போகலே. அவருக்குச் சூரியன் வேணும், ஓடற தண்ணி வேணும். கிழக்குச் சுவர்ல ஒரு இடைவெளி இருக்கே, ஓடை அது வழியாத்தானே வரது? அங்கே போயிருக்கார்.”

ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டும் தொலைவில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நால்வரும் கிழக்கே நகர்ந்தார்கள். சிறிது நடப்பது, நிற்பது, செவி கொடுப்பது. மூடுபனி எல்லா ஒலியையும் பஞ்சுபோல் அடைத்திருந்தது. நெடுநேரம் கழித்து நீரஜா கையை உயர்த்தினாள். எங்கோ முன்னால், கல்லில் செப்புப் பாத்திரம் தட்டும் மெல்லிய ஒலி. நின்றது. மறுபடி கேட்டது.

ஓடைக் கரையில் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து வேதாந்தம் உட்கார்ந்திருந்தார். கால் கற்களுக்கிடையில் மாட்டி, கணுக்கால் பூசணிப் பிஞ்சுபோல் வீங்கியிருந்தது. ஒரு காலுறை முழுதும் நனைந்து விறைத்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தும் கை பாத்திரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

“அசையலே நீரஜா,” என்றார். “நீ சொன்னபடி, இருந்த எடத்துலயே இருந்தேன்.”

அவள் அவருடைய பாதத்தை எடுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். மயிலாப்பூரில் நடந்திருந்தால் இருவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

முகாமுக்குத் தூக்கி வந்து சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. மூடுபனி ஒரேயடியாக விலகியது. தலைக்கு மேலே கணவாய், துவைத்து உலர்த்திய வேட்டிபோல் பளீரென்று கிடந்தது. அன்றைக்குப் பனி இளகிவிட்டது. மறுநாள் காலை தாண்டலாம். வானிலை அதற்கு மேல் தாங்காது என்றார் வழிகாட்டி.

ஜவஹர்தான் முதலில் பேச்செடுத்தான். “மேடம், ரூல் இன்னா? நீங்களும் ரெண்டு பேரும் தாண்டணும். நான் சாமிய இட்டுக்கினு எறங்கிடறேன். நீங்க, செக்போஸ்ட்டு, வயிகாட்டி, மூணு பேரா போய்க்கினே இருங்க.”

வழிகாட்டி உறுப்பினர் ஆகமாட்டார் என்று ஃபராஸ் திருத்தினான். அப்படியானால் சாமியை வழிகாட்டியோடு அனுப்பிவிட்டு நாம் மூவரும் போகலாம் என்றான் ஜவஹர். வேதாந்தம் கண்ணில் நீரோடு அதையே வேண்டினார். தன் ஒருவனால் அவளுடைய கணவாய் கைவிட்டுப் போகக் கூடாது. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றார்.

நீரஜா கணவாயைப் பார்த்தாள். வழி தெளிவாகத் தெரிந்தது; எந்த இடத்தில் காலை ஊன்றுவது, எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்குவது என்பது வரை தெரிந்தது. அங்கிருந்து கண்ணை எடுத்து, இறங்க வேண்டிய வழியை எண்ணிப் பார்த்தாள். ஓடைகள், பனிப்பாலம், செங்குத்தான கற்சரிவு. கால் ஊன்ற முடியாத ஒருவரை அதில் இறக்க இரண்டு தோள்கள் மாறி மாறி வேண்டும். முன்னே வழி பார்க்க ஒருவர் வேண்டும். வழிகாட்டியைக் கீழே அனுப்பினால் மேலே போகிறவர்களுக்கு வழிகாட்டி இல்லை.

“நாம தாண்டப் போறதில்லே,” என்றாள். “எல்லாரும் சேர்ந்து வந்தோம், எல்லாரும் சேர்ந்து இறங்கறோம். மாமா, அழாதேள். கண்ணுல பனி கட்டிக்கும்.”

ஃபராஸ் அன்று மாலையே தன் முதுகுப்பையைக் கத்தியால் கிழித்தான். பெரிய ஊசியும் மெழுகு நூலும் எப்போதும் அவனிடம் உண்டு. பையின் அடித்துணியில் இரு துளைகள் விட்டு, குழந்தையைச் சுமப்பதுபோல் மனிதரைச் சுமக்கும் இருக்கை ஒன்றைத் தைத்து முடித்தான். அதில் அமர்ந்து வேதாந்தம் ஜவஹரின் முதுகிலும் ஃபராஸின் முதுகிலுமாக இறங்கினார். வாழ்நாளில் தான் தணிக்கை செய்த எந்த நிறுவனமும் தன்னை இவ்வளவு தாங்கியதில்லை என்றார். ஜவஹர், சாமியின் எடையில் பாதி அவருடைய சந்தேகம்தான் என்றான். பனிப்பாலத்தின் மேல் நீரஜா ஒவ்வோர் அடியையும் தானே முதலில் சோதித்தாள். அவள் காட்டிய இடத்தில் மற்றவர்கள் கேள்வியின்றிக் கால் வைத்தார்கள். ஒரு திருப்பத்தில் ஸ்டவ் கட்டவிழ்ந்து ஓடையில் விழுந்து உருண்டது. அதற்காக யாரையும் அவள் இறங்க விடவில்லை.

ஜூலையில் கழகம் கூடியது. அடையாற்றில் ஸ்ரீகிருஷ்ணாவின் வீட்டு மொட்டைமாடியில், நாற்காலிகள் போட்டு, வடையும் காப்பியும் வைத்திருந்தார்கள். நீரஜா நடந்ததை நடந்தபடி சொன்னாள்; தன் வாயிலிருந்து வந்த சொல்லையும் விடவில்லை. திரும்பியது சரியான முடிவு என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் நிபந்தனை நிபந்தனைதான் என்று, மேலும் பலமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஸ்ரீகிருஷ்ணா சொன்னார். அடுத்த ஆண்டுத் தலைமை வேறொருவருக்குப் போயிற்று.

“சரி,” என்றாள் நீரஜா. “என் பேரை உறுப்பினரா எழுதிக்கோங்கோ. அதே கணவாய்க்குத்தான் போறேள்னா, வழி எனக்குத் தெரியும்.” காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தப் பயணத்தில் இழந்தவை: கணவாய். குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பு. ஃபராஸின் முதுகுப்பை ஒன்று. ஜவஹர் பட்டறையில் தானே செய்த ஸ்டவ். வேதாந்தத்தின் வலது கால் பெருவிரல் நகம், காலுறை ஒன்று, ஓடையோடு போன உத்தரணி. ஆட்களில் எவரும் இல்லை. கூடாரத்தின் முளைகளில் இரண்டு பனியில் உறைந்துபோய் எடுக்க வரவில்லை.